பரிமளா பக்கத்து விளக்கு

ஏற்காட்டு ஏரியை அந்த ஓட்டுநரில்லாத கார் நாலாவது தடவையாகச் சுற்றிவந்தது. உள்ளே இருக்கிற இரண்டு பேரும் மனசார மகிழ்ந்தால்தான் கதவு திறக்கும். இன்பச் சுற்றுலாக் காரின் விதி அப்படி. தனபால் பக்கம் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பச்சை விளக்கு எரிந்துவிட்டது. அவன் மனைவி பரிமளா பக்கம் இன்னும் சிவப்புதான்.

"அவனவன் இறங்கிப் படகு ஏறிட்டான். கொஞ்சம் சந்தோஷமா இருந்து தொலையேன்டி!"

"இருக்கத்தாங்க பாக்கறேன்."

விடியுமுன்னே எழுந்து அவள் கிளறிய புளிசாதம் தூக்கோடு மடியில் கனத்தது. ஏரியைப் பார்த்தாள். சிரித்தும் பார்த்தாள். விளக்கு ஏமாறவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை நினைத்தாள். தனபால் இறங்குகிறான், கதவு சாத்திக்கொள்கிறது, கார் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது.

விளக்கு பச்சையானது. கதவுகள் திறந்தன.

கீழே இறங்கிய தனபாலுக்கு வாயெல்லாம் பல். "அப்படி என்னத்தடி நினைச்ச?"

"உங்களைத்தாங்க" என்று புளிசாதத் தூக்கை அவன் கையில் கொடுத்தாள். அவள் இறங்கவில்லை.