அரிசி டப்பாவில் மாத்திரை

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு காலை. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மஹ்பூபா தன் மகளின் மாத்திரை அட்டைகளை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். பெண் பார்க்க வந்தவர்களின் கார் கீழே வந்து நின்றிருந்தது.

"கேட்டா மட்டும் பேசு. கால ஆட்டாத," என்றார் மகளிடம். மருந்து விஷயம் தெரிந்து ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. ஐனாவுக்கு இப்போது முப்பது வயது.

மாப்பிள்ளை ஹாஃபிஸுக்குப் பட்டர்வொர்த்தில் கணினி வேலை. கார் சாவி, மகனுடைய கைப்பேசி எல்லாம் அவன் தாயார் ஜைத்தூனின் கைப்பையில் இருந்தன. பசியாற உட்கார்ந்ததும் அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"வீட்டுல போட மறந்துட்டான். காஸ்ட்ரிக் லா," என்று சிரித்தார்.

பிறகு இளையவர்களைப் பால்கனியில் பேச விட்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள், சிரித்தார்கள். மகள் அப்படிச் சிரித்து மஹ்பூபா வெகுநாளாகக் கேட்டதில்லை.

உள்ளே வந்ததும், யாரும் கேட்காமலே ஐனா சொன்னாள். "மாமி, எனக்கு ஏடிஎச்டி. கவனம் ஒரு எடத்துல நிக்காது. பதட்டமும் இருக்கு. ரெண்டுக்கும் மருந்து சாப்பிடுறேன்."

யோசிக்காமல் பேசிவிடுவாள். பேசியதை நினைத்து அன்றிரவு முழுவதும் நடுங்கிக் கிடப்பாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

ஹாஃபிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாயார் ஒருமுறை பார்த்ததும் தேநீரைக் குடிக்கத் தொடங்கினான்.

ஜைத்தூன் முகம் சுளிக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாளா, மருந்து போட்டால் மத்தியானம் பசி செத்துவிடுகிறதா என்று நிதானமாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் ஐனா ஆமாம் என்றாள். இவ்வளவு விவரமாக அவளை யாரும் கேட்டதில்லை.

மஹ்பூபா சமையலறைக்குப் போனார். அட்டைகளை அரிசியிலிருந்து எடுத்துத் தட்டி, எல்லோரும் பார்க்க மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்.

விடைபெறும்போது ஹாஃபிஸ் முன்னால் இறங்கிப் போனான். ஜைத்தூன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மஹ்பூபாவின் கையைப் பிடித்தார்.

"தங்கமான பொண்ணு. ஆனா சரிவராது அக்கா."

"நோயாளின்னு நெனைக்கிறீங்களா?"

ஜைத்தூன் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் மவனுக்கும் இதேதான். எனக்கப்புறம் அவனப் பாத்துக்கத்தான் பொண்ணு தேடுறேன்."