வலப்பக்கம் இழுத்த வண்டி

வேதவல்லி வேலை பார்க்கும் நாமக்கல் வீல் அலைன்மென்ட் கடையில் இப்போது கூட்டம் குறைவு. புது வண்டிகள் ஓட்டுகிறவரின் பிடியைக் கவனித்து, ஓடும்போதே சக்கரங்களைத் தாமே திருத்திக்கொள்கின்றன.

அன்று கணவர் அருளப்பனின் காரை அவளே கடைக்கு ஓட்டிவந்தாள். வழி நெடுக வண்டி வலப்பக்கம் இழுத்தது. போனில் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

"எனக்கு நேராத்தான் புள்ள போகுது."

காரை மெஷினில் ஏற்றி, வண்டியே சேமித்து வைத்திருந்த பழைய பதிவுகளைப் பார்த்தாள். எட்டு மாதமாக வண்டி முன்சக்கரங்களைத் துளித்துளியாக வலப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்திருந்தது. கோளாறு எதுவும் இல்லை. ஸ்டியரிங்கில் ஒரு கை கனமாகத் தொங்கி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. வண்டி அதற்கு ஈடு கொடுத்திருக்கிறது.

அதை ஓட்டுவது அருளப்பன் ஒருவர்தான்.

வேதவல்லி சக்கரங்களைத் தொடவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பினாள். அருளப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கை சோற்றை நன்றாகவே பிசைந்தது. தினமும் அவள் பார்த்தது அந்தக் கையைத்தான்.

"என்னங்க, கையக் குடுங்க."

அவர் சோறு ஒட்டிய வலது கையையே நீட்டினார். எச்சில் கையை யாராவது நீட்டுவார்களா?

"அது இல்லைங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ பயந்துருவேன்னுதான்..."

மேசைக்கு அடியிலிருந்து இடது கை மெல்ல எழுந்து, பாதியில் நின்றது. மீதி தூரத்துக்கு வேதவல்லி தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.