துடைத்தாலும் போகாத கோடு

கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் நின்றபடி, உச்சி மாடிக் கண்ணாடியை வெளிப்பக்கம் துடைக்கிறவன் திருதிருவென்று விழிக்கிறான். உள்ளேயிருந்து மேனேஜர் விரலை நீட்டி நீட்டிக் காட்டுகிறார்: அதோ, ஒரு வெள்ளைக் கோடு! அவர் தலையாட்டினால்தான் இன்றைக்கு இறங்க முடியும். அவனுக்கும் கோடு தெரிகிறது. சோப்புத் தண்ணீரை அடித்து ரப்பர் பட்டையை ஒரே இழுப்பாக இழுக்கிறான். கண்ணாடிதான் கீச்சென்று கத்துகிறது. கோடு அசைவேனா என்கிறது. "தள்ளுங்க மச்சான், உங்க கையில தெம்பே இல்ல," என்று பக்கத்தில் நிற்கும் மைத்துனன் பட்டையைப் பிடுங்கி இழுக்கிறான். கோடு முன்னைவிட நீளமாகிறது. "டேய், இது வளருதுடா!" என்கிறான் துடைக்கிறவன். அதன் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஏதோ மின்னுகிறது. சட்டென்று திரும்புகிறான். தொட்டில் ஆடுகிறது. அடேயப்பா! மாலை வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு ஒரு விமானம் வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டே வருகிறது. வந்த வழியெல்லாம் கோடு பஞ்சாகப் பிரிந்து ரோஜா நிறத்தில் சிவக்கிறது. காலையிலிருந்து இந்த வானத்துக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம்! "சார், வானத்தைப் பாருங்க சார்!" கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்துகிறான்.

மேனேஜர் முறைக்கிறார். பிறகு அவன் கை போன பக்கம் அண்ணாந்து பார்க்கிறார். அவ்வளவுதான், சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்து நெற்றியையும் இரண்டு கைகளையும் கண்ணாடியில் அப்பிக்கொள்கிறார். விமானம் கூரைக்கு மேலே மறைந்த பிறகுதான் விலகுகிறார். பளபளக்கும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு நெற்றி, பத்து விரல்கள்.

"ஐயையோ மச்சான், கறை!"

"அது உள்பக்கம்டா," என்று சிரிக்கிறான் அவன். "இருந்துட்டுப் போகட்டும்."