கிருத்திகாவின் கேள்விகள்

"வேற ஏதாவது கேக்கோணுமாம்மா?"

திருமூர்த்தி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். வீரபாண்டியில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்கு அவர் ஹெச்.ஆர். மேனேஜர். குவாலிட்டி செக்ஷனுக்கு ரெண்டு டிரெய்னி தேவை. காலையிலிருந்து வந்த எல்லாரும் "இல்லீங்க சார்" என்று எழுந்து போய்விட்டார்கள்.

கிருத்திகா எழவில்லை.

"கேக்கோணுங்க சார். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்குவீங்களா?"

"இல்லம்மா. பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துருவோம். ஜெராக்ஸ் போதும்."

"நடுவுல நின்னுக்கோணும்னா விட்டுருவீங்களா சார்?"

திருமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள நிக்கறதப் பத்திப் பேச்சா? ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுத்துட்டு நின்னுக்கலாம்."

"ஹாஸ்டல்ல போன் வெச்சுக்கலாமுங்களா? ஞாயித்துக்கெழமை வெளிய விடுவாங்களா?"

"உங்க ஊடு எங்கம்மா?"

"பல்லடமுங்க."

"பல்லடத்துக்குத்தான் நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகுதே. உனக்கெதுக்கு ஹாஸ்டல் கதை?"

"தெரிஞ்சுக்கலாம்னுதானுங்க சார்."

"போன் வெச்சுக்கலாம். வெளியவும் போலாம். முடிஞ்சுதா?"

"கடைசியா ஒண்ணுங்க. யாராச்சும் தப்பா நடந்துக்கிட்டா யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பக்கத்து மேஜையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அன்புசெல்வி கையை நிறுத்திவிட்டாள்.

"அதுக்குக் கமிட்டி இருக்குது. அஞ்சு பேர்ல நாலு பேர் லேடீஸ். அவங்க பேரும் நம்பரும் கேண்டீன் வாசல்ல ஒட்டியிருக்குது. போதுமாம்மா?"

"போதுமுங்க சார். ரொம்ப நன்றிங்க."

அவள் போனதும் திருமூர்த்தி பேனாவை எடுத்தார்.

"நல்ல மார்க் சார்," என்றாள் அன்புசெல்வி. "துணியில எந்த டிபெக்டைக் காட்டினாலும் டக்குன்னு சொன்னா."

"மார்க்கை வெச்சு என்ன பண்றது? வர்றதுக்கு முன்னாடியே இத்தன கேள்வி. இவ உள்ள வந்தா செக்ஷனே கேள்வி கேக்க ஆரம்பிச்சுரும்."

கிருத்திகாவின் பெயரை அடித்தார்.

கடைசியாக வந்தவள் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கம். துணைக்கு யாருமில்லை, தோளில் ஒரு பை மட்டும். கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்தபடியே சரியாகப் பதில் சொன்னாள்.

"ஏதாவது கேக்கோணுமாம்மா?"

"இல்ல சார்."

திருமூர்த்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா அன்புசெல்வி, வேலைக்கு வர்ற பிள்ளை இப்படி இருக்கோணும். உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சும்மா. நாங்க அதை இன்டர்வியூ பண்ணலை, அதுதான் எங்களை இன்டர்வியூ பண்ணிட்டுப் போச்சு. உன்னை எடுத்தாச்சு. சந்தோசமாப் போய்ட்டு வா."

ஒச்சம்மாள் எழவில்லை. பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சார், பல்லடத்து அக்காவவா சொல்றீங்க?"

"ஆமா. தெரிஞ்ச பொண்ணா?"

"இல்ல சார். இன்னைக்குத்தான் வெளிய பெஞ்சில பாத்தேன். அதெல்லாம் அந்த அக்கா கேள்வி இல்ல சார். என்னோடது."

திருமூர்த்தி பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க ஊர்க்கார அக்கா ஒண்ணு வேலைக்குப் போன எடத்துல சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்கிட்டு மூணு வருசம் விடல சார். போனும் குடுக்கல. அதக் கேக்கணும்னுதான் வந்தேன். கேட்டா வேலை குடுக்க மாட்டாகளோன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த அக்காதான், 'நீ பேசாம இரு, நான் கேட்டுட்டு வர்றேன்'னு உள்ள வந்துச்சு. திரும்பி வந்து ஒவ்வொண்ணா சொல்லிட்டுத்தான் போச்சு. அதான் எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல சார்."

அடித்த பெயரைத் திருமூர்த்தி பார்த்துக்கொண்டே இருந்தார். அன்புசெல்வி கேட்காமலே அந்த ரெஸ்யூமை எடுத்து, போன் நம்பர் தெரிகிற மாதிரி அவர் முன்னால் வைத்தாள்.

அவர் போன் போட்டார். ரெண்டாவது ரிங்கிலேயே கிருத்திகா எடுத்துவிட்டாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"கிருத்திகாங்களா? திருமூர்த்தி பேசறேன். திங்கக்கெழமை வந்து ஜாயின் பண்ணிக்கம்மா."

"சார்... நெசமாவுங்களா? ரொம்ப நன்றிங்க சார்."

"நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லோணும்." அவர் குரல் தணிந்திருந்தது. "இப்பவாச்சும் உனக்குன்னு ஏதாவது கேட்டுக்கம்மா."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். எனக்கப்புறம் உசிலம்பட்டிப் பொண்ணு ஒண்ணு வந்திருக்குமே, அதுக்கும் வேலை கெடச்சுதுங்களா?"