அரசவையில் ஓர் அடுப்பு

"தப்பைத் திருத்தணும்னா அவங்க ஒத்துக்கணும், மேடம்," என்றார் அருங்காட்சியகப் பொறுப்பாளர் இர்ஃபான்.

அவர் கைகாட்டிய இடத்தில் ஒளி உருவமாக நின்றுகொண்டிருந்தது ரெஜினாவேதான், நாற்பது வயதில். மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் நாகரிகக் கட்டடங்களைத் தோண்டி ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ரெஜினா, பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகத் தன் குரலையும் அறிவையும் கொடுத்து உருவாக்கியது அது. வேற்றுக்கிரகவாசிகள்தான் பிரமிடுகளைக் கட்டினார்கள் என்று வாதாட வருகிறவர்களை மனம் நோகாமல் அனுப்பிவைக்கவும் அவரே அதைப் பழக்கியிருந்தார்.

இப்போது எழுபதைத் தாண்டிய ரெஜினா, பள்ளிப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார்.

"நீ அரசவைனு சொல்ற அந்த அறை வெறும் சமையல்கட்டு. போன மாசம் தரையைத் தோண்டினப்போ அடுப்பு கிடைச்சுது. என் கையால எடுத்தேன்."

"நல்ல கேள்வி," என்றது அது. "அரசவை கட்டுறதுக்கு முன்னாடி அங்க வேற வீடு இருந்திருக்கலாம் இல்லையா?"

"இல்ல. அந்த அறையோட கூரைக் கல்லுலயும் அடுப்புக் கரி படிஞ்சிருக்கு."

"இதை யாராவது ஆராய்ச்சியாளர் சொல்லியிருக்காங்களா?"

"நான்தான் சொல்றேன். நான்தான் ரெஜினா."

பிள்ளைகள் சிரித்தார்கள். ரெஜினா திரும்பி இர்ஃபானைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உருவம் சற்றே குனிந்து தலையைச் சாய்த்தது. அந்தச் சாய்வு எப்போது வரும் என்று ரெஜினாவுக்குத் தெரியும், அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"உங்க ஆர்வம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. தொல்லியலை முறையாப் படிக்க ஆசை இருந்தா, வாசல்ல உங்க பேரைக் குடுத்துட்டுப் போங்க."