இரண்டு விரல் இடைவெளி

கம்பி ஹெல்மெட்டைத் தொடவில்லை.

அவள் மூச்சு விட்டாள்.

பந்தய மைதானக் கொட்டகையில் சோதனை அதிகாரி குனிந்து பார்த்தார். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும்பி நிற்கும் இரும்பு வளையத்தில் கம்பியின் ஒரு முனை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கும் சின்ன வளையத்தில் மறுமுனை. நடுவில், கம்பிக்குக் கீழே, அவள் மகன் சஞ்சித்தின் தலை. கம்பிக்கும் ஹெல்மெட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழைந்தால்தான் பச்சை ஸ்டிக்கர்; அது இருந்தால்தான் பந்தயம். கார் கவிழ்ந்தால் கழுத்தைக் காப்பது அந்த இரண்டு விரல்தான்.

நுழைந்தது.

அதிகாரி பச்சை ஸ்டிக்கருக்காகப் பைக்குள் கைவிட்டார்.

காருக்கு அந்தப் பக்கம் முழந்தாளிட்டிருந்த கணவர் அவளைப் பார்க்கவில்லை.

ஜூனில் முதல் சுற்றின்போது சஞ்சித் அந்த ஒற்றை இருக்கைக் காருக்குள் அலுங்காமல் இறங்கினான். ஆகஸ்டில் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. அக்டோபரில் இருக்கையின் பஞ்சை எல்லாம் பிய்த்தெடுத்தார்கள். இப்போது டிசம்பர், கடைசிச் சுற்று. பதினாறு வயதில், ஆறே மாதத்தில், மூன்று அங்குலம் வளர்ந்திருந்தான்.

தம்பியை இனிமேல் சுருட்டித்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று மெக்கானிக் அஸ்லம் ஒருநாள் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். சஞ்சித்தும் சிரித்தான்.

அன்றிலிருந்து பாலை நிறுத்தினான். பிறகு முட்டையை. பிறகு ராத்திரிச் சாப்பாட்டை. வயிற்றைக் காயப்போட்டால் வளர்த்தி நின்றுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

நிற்கவில்லை.

பஞ்சில்லாத இருக்கையில் உரசி முதுகின் அடியில் தோல் உரிந்திருந்தது. அவள் மருந்து தடவும்போது தலையணையைக் கடித்துக்கொள்வான். வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டான்.

புள்ளிப் பட்டியலில் அவன்தான் முதலிடம். அடுத்தவனைவிட நான்கு புள்ளி அதிகம். ஜெயிக்கிறவனுக்கு வரும் வருஷம் பெரிய காரில் இடம். அந்தக் காரில் காலை நீட்டித் தாராளமாக உட்காரலாம்.

இன்னும் ஒரே ஒரு பந்தயம். இருபது நிமிஷம்.

விரல்கள் எப்படி நுழைந்தன என்று அவளுக்குத் தெரியும்.

தோள் பெல்ட்டைக் கணவர் ஒரு பிடி தளர்த்திவிட்டிருந்தார். உள்ளே சஞ்சித் முதுகை வளைத்து, இடுப்பை முன்னால் தள்ளி, தாடையை நெஞ்சில் புதைத்திருந்தான். மூன்று நாளாக வீட்டு ஹாலில், இரண்டு நாற்காலிகளின் மேல் ஒட்டடைக்கம்பை வைத்துப் பழகியிருந்தார்கள்.

கம்பைப் பிடித்தவள் அவள்தான்.

அந்த நிலையில் ஒரு நிமிஷம் தாங்கலாம். இருபது நிமிஷம் முடியாது. அக்டோபரில் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வளைவிலும் சஞ்சித்தின் தலை மெல்ல மெல்ல மேலே வந்தது. கடைசியில் இரும்பு வளையத்துக்குச் சமமாக நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அதே நாளில் வேறொரு பையனின் கார் கவிழ்ந்தது. தலைகீழாகவே வெகுதூரம் தேய்த்துக்கொண்டு போனது. பையன் தானே வெளியே வந்து கையசைத்தான். அந்தக் காரை இழுத்து வந்து நிறுத்தியபோது அவள் கிட்டே போய்ப் பார்த்தாள்.

இரும்பு வளையத்தின் உச்சி ஒரு விரல் அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சஞ்சித்தின் உயரம் அவள் பிறந்த வீட்டுப் பக்கத்து உயரம். கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையை மிஞ்சித் தெரியக் கூடாதென்று முழங்காலை மடித்துத்தான் நின்றாள். பட்டுப்புடவை மறைத்துவிட்டது. இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதிகாரி ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தார்.

"நிமிந்து உக்காரு, கண்ணு."

குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

கணவரின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. அஸ்லம் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டார். அதிகாரியின் விரலில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நின்றது.

காருக்குள் அசைவில்லை.

பிறகு ஒரு நீண்ட மூச்சு. தோள்கள் விரிந்தன. ஹெல்மெட் மேலே வந்தது. கம்பி தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிந்தது.

அதிகாரி கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர். சஞ்சித் பத்து வயதில் கார்ட் என்ற குட்டிப் பந்தயக் கார் ஓட்டிய காலத்திலிருந்து அவனைப் பார்த்து வருகிறவர். கொட்டகை வாசலைச் சற்று நேரம் பார்த்தார். வெளியே மற்ற கார்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்திருந்தன.

"இன்னொருக்கா வெக்கறேன், தம்பி. உனக்கு எப்படித் தோதோ அப்படி உக்காரு. நான் எதுவும் கேக்கல."

கணவர் ஹெல்மெட்டின் ஓரம் வாயை வைத்து ஏதோ சொன்னார். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை.

சஞ்சித் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியை மேலே தள்ளினான்.

இரண்டு கண்கள். மெலிந்த முகத்தில் அவை மட்டும் பெரிதாக இருந்தன. அவளைத் தேடி வந்து நின்றன.

ஒட்டடைக்கம்பைப் பிடித்த அதே கையால் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி கம்பியைத் தூக்கினார். பின் வளையத்தில் வைத்தார். முன்முனையை மெதுவாக, மிகமிக மெதுவாக, அவனுக்கு நேரம் கொடுப்பதுபோல் இறக்கினார்.

அவன் அவளிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதுகை வளைக்கவும் இல்லை.

கம்பி ஹெல்மெட்டில் தட்டி நின்றது.