கொத்தடிமைச் சிறுமியின் கதை

திருச்சியில் ஒரே பள்ளியில் வேலை பார்த்த வேணியும் அக்னஸும், கொத்தடிமைகளைப் பற்றிச் சிறுவர்களுக்காக ஆளுக்கொரு கதைப் புத்தகம் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளோ அக்னஸின் புத்தகத்துக்குத்தான் அடித்துக்கொண்டார்கள்.

வயிற்றெரிச்சலோடு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த வேணி, அம்மா அமிர்தத்திடம் பொரிந்து தள்ளினாள்.

"ரைஸ் மில்லுல ஒரு சின்னப் பொண்ணைப் பூட்டி வைக்கிறாங்களாம். நெல்லு அவிக்கிற கொதிதண்ணி கால்ல கொட்டின பிறகும் வேலை வாங்குறாங்களாம். எல்லாம் கட்டுக்கதை! அந்த அக்னஸுக்கு மில்லைப் பத்தி என்னம்மா தெரியும்? சின்ன வயசுல அங்க அடிமையா கிடந்தவ நீ. முதலாளி வெல்லம் குடுப்பாரு, பாடிக்கிட்டே வேலை செய்வோம்னு நீ சொன்னதைத்தானே நான் எழுதினேன்!"

அமிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். "அக்னஸ் டீச்சர் எழுதினதும் நான் சொன்னதுதாம்மா."

"பெத்த பொண்ணுகிட்ட மறைச்சதை அவகிட்டயா சொன்னே?"

"உங்கிட்டச் சொன்னப்ப நீ சின்னக் குழந்தை. பயந்துடுவேன்னு மாத்திச் சொன்னேன். வளர்ந்த பிறகு நீ கேக்கவே இல்லை. அவங்க வந்து கேட்டாங்க."

வேணி அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவகிட்டச் சொல்லாதது ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா?"